நிலா மறைக்கும் 20 மில்லி நொடிகளில் ஒரு நட்சத்திரத்தின் வெப்பம்

வளர்பிறையில் ஏழு, எட்டு நாள் கழிந்தபின் ஒரு மாலை பைனாகுலரோடு மொட்டை மாடிக்குப் போங்கள். நிலாவின் வெளிச்சமான பாதியை விட்டுவிட்டு இருண்ட பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில், நிலாவுக்கு மிக அருகே, ஏதாவது ஒரு சிறு நட்சத்திரம் தெரிந்தால் கண்ணை எடுக்காமல் காத்திருங்கள். நான் முதல் முறை அப்படிக் காத்திருந்தபோது, அது மெல்ல மங்கித்தான் மறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி மங்கவே இல்லை. இருந்தது, அடுத்த கணம் காணோம். சுவிட்சை அணைத்த மாதிரி இருந்தது. நிலாவில் காற்று மண்டலம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தாலும், எனக்கு அது உறைத்தது அன்றைக்குத்தான்.

இதற்குப் பெயர் நிலா மறைப்பு. நம் கண்ணுக்கு நட்சத்திரம் சட்டென்று அணைந்தது போலத் தெரிந்தாலும், உண்மையில் அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பெரிய சிவப்பு நட்சத்திரம் ஒன்றுக்கு 20 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகலாம். செல்போன் வீடியோவில் ஒரு ஃபிரேம் ஓடும் நேரத்தைவிட இது குறைவு. அந்தச் சின்ன நேரத்தில் ஒளி எப்படிக் குறைகிறது என்று அளந்துவிட்டால், அந்த நட்சத்திரத்தின் அகலம் கிடைக்கும், அகலத்திலிருந்து அதன் வெப்பநிலையும் கிடைக்கும். வெப்பநிலையைக் கண்டுபிடிக்க நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இந்த முறை அதிகம் உதவிய நட்சத்திர வகைகளில் ஒன்று கார்பன் நட்சத்திரம். அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

நீலத்தைத் தின்னும் நட்சத்திரம்

வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுடரைப் பாருங்கள். அடியில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம் தெரியும். அந்த நிறத்துக்குப் பெரும் காரணம், எரியும் வாயுவில் கணநேரம் உண்டாகும் இரண்டு மூலக்கூறுகள். ஒன்று, இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்தது. இன்னொன்று, ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. இரண்டு கார்பன் சேர்ந்த மூலக்கூறு தரும் ஒளிப்பட்டைகளை 1857-இல் வில்லியம் ஸ்வான் ஆராய்ந்து எழுதினார். இன்றைக்கும் அவை ஸ்வான் பட்டைகள் என்றே அழைக்கப்படுகின்றன.

1860-களில் ரோமில் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் நட்சத்திரங்களின் நிறமாலைகளைப் பார்த்து வகை பிரித்துக்கொண்டிருந்தார். அழுத்தமான சிவப்பில் இருந்த சில நட்சத்திரங்களில் அவர் இதே பட்டைகளைக் கண்டார், ஆனால் தலைகீழாக. அடுப்பில் ஒளிரும் இடங்களெல்லாம் நட்சத்திரத்தில் இருண்டு கிடந்தன. அந்த மூலக்கூறுகள் நட்சத்திரத்தின் மேல்பகுதியில் மிதந்துகொண்டு, உள்ளிருந்து வரும் நீல, பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் வெளியே வருவது சிவப்பு.

இந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது? வயதான நட்சத்திரத்தின் உள்ளே ஹீலியம் எரிந்து கார்பனாகிறது. அடியில் இருப்பதைக் கரண்டி கிளறி மேலே கொண்டுவருவது போல, உள்ளே நடக்கும் கொதிப்பு அந்தக் கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு இழுத்துவருகிறது. அங்கே ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கொன்று சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். இந்தப் பிணைப்பு மிகவும் உறுதியானது, எளிதில் பிரியாது. ஆகவே இரண்டில் எது கூடுதலோ அதில்தான் கொஞ்சம் மிஞ்சும். சாதாரண நட்சத்திரத்தில் மிஞ்சுவது ஆக்சிஜன். கார்பன் நட்சத்திரத்தில் மிஞ்சுவது கார்பன்.

மிஞ்சுவது எவ்வளவு தெரியுமா? மீனம் விண்மீன் குழுவில் டிஎக்ஸ் பிசியம் என்று ஒரு கார்பன் நட்சத்திரம் இருக்கிறது. அதில் 100 ஆக்சிஜன் அணுவுக்குச் சுமார் 103 கார்பன் அணு என்று அளந்திருக்கிறார்கள். நூறு ஜோடி சேர்ந்தபின் தனித்து நிற்கும் அந்த மூன்று அணுக்கள்தான் மொத்த நட்சத்திரத்தின் நிறத்தையும் மாற்றிவிடுகின்றன.

சிக்கல் இங்கேதான் வருகிறது. பொதுவாக ஒரு நட்சத்திரத்தின் வெப்பநிலையை அதன் நிறத்தை வைத்து மதிப்பிடுவார்கள். கொல்லன் உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்வது போல. கார்பன் நட்சத்திரத்தில் அது எடுபடாது. அதன் சிவப்பில் ஒரு பங்கு குளிர்ச்சியால் வந்தது, இன்னொரு பங்கு நீலம் விழுங்கப்பட்டதால் வந்தது. எந்தப் பங்கு எவ்வளவு என்று நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. 1941-இல் கீனன், மார்கன் என்ற வானியலாளர்கள் இவற்றை வெப்பநிலை வரிசைப்படி அடுக்க ஒரு வகைப்பாடு செய்தார்கள். குளிர்ந்த கார்பன் நட்சத்திரங்களில் அந்த வரிசையும் வெப்பநிலையும் சரியாகப் பொருந்தவில்லை என்று பிறகு தெரியவந்தது. நிறத்தை நம்பாத ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழிக்கு நட்சத்திரத்தின் தோற்ற அகலம் தெரிய வேண்டும்.

எவ்வளவு சிறியது?

பஞ்சாங்கம் பார்த்தவர்களுக்குப் பாகை, கலை, விகலை தெரிந்திருக்கும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழு நிலாவின் அகலம் அரைப் பாகை, அதாவது சுமார் 1800 விகலை. டிஎக்ஸ் பிசியத்தின் அகலம் ஒரு விகலையில் நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 மில்லி விகலை. ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அவ்வளவுதான் தெரியும்.

தொலைநோக்கியால் இதை நேரடியாகப் பார்க்க முடியாது. நம் காற்று மண்டலத்தின் அலைச்சல் நட்சத்திரத்தின் உருவத்தை ஒரு விகலை அளவுக்குப் பரப்பிவிடும். காற்றே இல்லாவிட்டாலும், 10 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் பிரித்துக் காட்டக்கூடியது 45 மில்லி விகலை வரைக்கும்தான். 1920-இல் மைக்கேல்சனும் பீஸும் மவுண்ட் வில்சனில் 20 அடி நீளச் சட்டத்தைத் தொலைநோக்கியின் மேல் பொருத்தி, முதன்முதலாகத் திருவாதிரையின் அகலத்தை அளந்தார்கள். 47 மில்லி விகலை வந்தது. வானில் தோற்றத்தில் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒன்று அது. கார்பன் நட்சத்திரங்கள் பெரும்பாலும் அதில் கால் பங்குகூட வராது.

நிலா இந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா தன் அகலத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. 1800 விகலையை 3600 நொடியால் வகுத்தால் நொடிக்கு அரை விகலை. அப்படியானால் ஒரு மில்லி நொடியில் அரை மில்லி விகலை. கத்தி முனை போல நிலாவின் விளிம்பு நகர்ந்துவந்து 10 மில்லி விகலை அகல நட்சத்திரத்தை மூட 20 மில்லி நொடி ஆகும். ஒளியை ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஒரு முறை அளக்கும் கருவி இருந்தால் போதும், நட்சத்திரத்தை இருபது கீற்றுகளாக நறுக்கிப் பார்த்த மாதிரி.

1909 வாக்கில் இதே யோசனையை எழுதியவர் பெர்சி மக்மகோன் என்ற கணித அறிஞர். ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டவர் அவர். ஹார்டியும் ராமானுஜனும் கண்ட சூத்திரம் எவ்வளவு துல்லியமானது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவியது அந்த அட்டவணைதான். நட்சத்திர யோசனையை அவர் சொன்னதுமே வானியலாளர் எடிங்டன் ஒரு தடை சொன்னார்: ஒளி அலை என்பதை மறந்துவிட்டீர்கள்.

எடிங்டன் சொன்ன தடை

ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டினாற்போல வைத்து, நடுவே மயிரிழை அளவு இடைவெளி விட்டு, அதன் வழியாக ஒரு விளக்கைப் பாருங்கள். அந்த இடைவெளிக்குள் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒளி விளிம்பைத் தொட்டுப் போகும்போது வளைந்து, தன்னோடு தானே கலந்து, இருளும் ஒளியுமாகப் பட்டைகள் போடுகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர்.

நிலாவின் விளிம்பும் இதையே செய்கிறது. நட்சத்திர ஒளியில் நிலாவின் நிழல் பூமியின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிழலின் ஓரம் ஒரே வெட்டாக இருக்காது. புள்ளி போன்ற ஒரு நட்சத்திரமாக இருந்தால், நிழலுக்கு வெளியே ஒளியும் மங்கலுமாகப் பட்டைகள் வரிசையாக நிற்கும். முதல் பட்டையில் ஒளி இயல்பைவிட 37 சதவீதம் கூடுதல். நேர்க்கோட்டில் பார்த்தால் விளிம்பு இருக்க வேண்டிய சரியான இடத்தில் ஒளி கால் பங்குதான். நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் இந்தப் பட்டைகள் நன்றாக விரிந்துவிடுகின்றன. 2.2 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் முதல் இரண்டு ஒளிப்பட்டைகளுக்கு நடுவே 23 மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதில் பாதி. இந்தக் கோடுகள் நொடிக்கு அரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையில் ஓடுகின்றன. நம் தொலைநோக்கி அந்த ஓட்டத்தில் ஓரிடத்தில் நட்டுவைத்த கம்பம் மாதிரி. கோடுகள் அதைக் கடக்கும்போது ஒளி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் சரிந்து இருட்டாகிறது.

எடிங்டன் சொன்னது சரிதான். புள்ளி நட்சத்திரமே இப்படி நேரம் எடுத்துக்கொண்டு மறையும் என்றால், மறையும் நேரத்தை மட்டும் வைத்து அகலத்தைச் சொல்ல முடியாது. அந்த யோசனை கிட்டத்தட்ட 30 வருடம் அப்படியே கிடந்தது.

1939-இல் வில்லியம்ஸ் என்பவர் அந்தத் தடைக்குள்ளேயே விடை இருக்கிறது என்று காட்டினார். செல்போன் டார்ச்சைச் சுவர் முன் பிடித்து நடுவே கையை நீட்டுங்கள். நிழல் கூர்மையாக விழும். அதே கையை டியூப் லைட்டின் கீழே நீட்டினால் நிழல் கலங்கிப்போகும். டியூப் லைட்டின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒரு நிழல் போடுகிறது. அவை சற்றே விலகி ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஓரம் அழிகிறது. அகலமான நட்சத்திரமும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு பட்டை வரிசையைத் தரையில் போடும். நட்சத்திரத்தின் ஒரு மில்லி விகலை அகலம், தரையில் 1.9 மீட்டர் விலகலாக ஆகிறது. 10 மில்லி விகலை என்றால் விலகல் 19 மீட்டர். பட்டைகளுக்கு நடுவே இருப்பதே 23 மீட்டர்தான். ஆகவே ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து, கோடுகள் பெரும்பாலும் கரைந்துபோகும். எவ்வளவு கரைந்தது என்று பார்த்தால் நட்சத்திரம் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும்.

அதே 1939-இல் விட்ஃபோர்ட், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஒளிமின் கருவியை வைத்து, அந்தப் பட்டைகளைப் பதிவு செய்தும் காட்டினார். அடுத்து 1950-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் டேவிட் எவன்ஸ் கேட்டை நட்சத்திரத்தை இப்படி ஆராய்ந்தார். 1970-களில் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் ரிட்ஜ்வே குழுவினர் அகச்சிவப்பில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்தார்கள்.

அகச்சிவப்பு ஏன்? கார்பன் நட்சத்திரங்கள் தங்கள் ஒளியில் பெரும்பகுதியை அங்கேதான் கொட்டுகின்றன. நிலாவின் வெளிச்சம் காற்றில் சிதறித் தரும் தொல்லையும் அங்கே குறைவு. பட்டைகளும் அகலமானவை, அதனால் தொலைநோக்கியைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். இங்கே எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தொலைநோக்கியின் அகலம் அல்ல, நிலாவின் தூரமும் ஒளியின் அலைநீளமும்தான். போதிய ஒளியைச் சேர்த்தால் சரி, ஒரு மீட்டர் தொலைநோக்கியே இரண்டு மூன்று மில்லி விகலை வரை அளந்துவிடும். அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் வைத்திருக்கும் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் இந்த மறைப்புகளை நெடுநாள் பதிவு செய்திருக்கிறார்கள். மறைப்பு என்ற உத்தி தமிழ்நாட்டில் நம் காவலூர் வானாய்வகத்துக்கும் புதிதல்ல. 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அந்த மறைப்பில்தான்.

அகலத்திலிருந்து வெப்பநிலை

சரி, அகலம் கிடைத்துவிட்டது. வெப்பநிலை எப்படி? சூரியனை வைத்துச் செய்து பார்ப்போம்.

சூரியனிலிருந்து பூமிக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் ஒளி வந்து விழுகிறது. நாம் சூரியனின் ஆரத்தைப்போல 215 மடங்கு தள்ளி இருக்கிறோம். வானத்தில் அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று அளந்தாலே இந்த 215 கிடைத்துவிடும், கிலோமீட்டர் கணக்கு எதுவும் வேண்டாம். ஒளி, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். அதனால் 215-ஐ 215-ஆல் பெருக்கி, அதை 1361-ஆல் பெருக்கினால், சூரிய மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 6.3 கோடி வாட் வெளியிடுகிறது என்று தெரியும். ஒரு சூடான பரப்பு வெளியிடும் ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப இருக்கும் என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. அதில் போட்டால் 5772 கெல்வின். சூரியனுக்குப் புத்தகங்கள் சொல்லும் எண் இதுவேதான்.

நட்சத்திரத்துக்கும் இதே கணக்கு. எல்லா நிறங்களிலும் சேர்த்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்க வேண்டும். மறைப்பிலிருந்து அகலம் வரும். இரண்டையும் சேர்த்தால் வெப்பநிலை. நட்சத்திரத்தை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வரும் ஒளி நாலில் ஒன்றாகும், தோற்றப் பரப்பும் நாலில் ஒன்றாகும். வகுத்தால் அதே விடை. அடுப்புக் கங்கைக் கிட்டே நின்று பார்த்தாலும் வாசலில் நின்று பார்த்தாலும் அதன் ஒளிர்வு மாறாதது போல.

நான்காம் அடுக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. அகலத்தில் 10 சதவீதம் பிழை இருந்தால் வெப்பநிலையில் 5 சதவீதம்தான் பிழை வரும். மொத்த ஒளியில் 10 சதவீதம் தவறினாலும் வெப்பநிலை இரண்டரை சதவீதத்துக்கு மேல் நகராது.

இப்படி அளந்தபோது டிஎக்ஸ் பிசியத்துக்குக் கிட்டத்தட்ட 3000, 3100 கெல்வின் வந்தது. பழைய குண்டு பல்பின் இழை 2700 கெல்வின் அளவில் எரிகிறது. அதாவது இந்த நட்சத்திரம் குண்டு பல்பைவிடச் சற்றுச் சூடானது, ஆனால் அதைவிட நன்றாகச் சிவந்து தெரிகிறது. நிறம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உண்மையான அளவு, அதாவது எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லத்தான் தூரம் வேண்டும். அதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரம் இடம் மாறித் தோன்றும் கோணத்தை மில்லி விகலையில் எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தின் அகலத்தை அதனால் வகுத்தால், நட்சத்திரத்தின் விட்டம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல எத்தனை மடங்கு என்று நேரடியாகக் கிடைத்துவிடும். டிஎக்ஸ் பிசியத்துக்கு இடமாறு கோணம் சுமார் 3.6. அகலம் சுமார் 10. வகுத்தால் 2.8. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமி அதற்குள் போய்விடும், செவ்வாயின் பாதையைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். ஆரம் சூரியனைப்போல சுமார் 300 மடங்கு. கவனித்தீர்களா, நட்சத்திரத்தின் அகலம் அதன் இடமாறு கோணத்தைவிடப் பெரியது. கொதிக்கும் மேற்பரப்பில் பிரகாசமான திட்டுகள் இடம் மாறினாலே நட்சத்திரம் அசைந்தது போலத் தோன்றும். கார்பன் நட்சத்திரங்களின் தூரத்தில் இன்றும் தடுமாற்றம் இருக்க இதுவும் ஒரு காரணம்.

எங்கே கைவிரிக்கிறது

நிலா எல்லா நட்சத்திரத்தையும் மறைக்காது. அதன் பாதையை ஒட்டிய பட்டையில் இருப்பவை மட்டும்தான், வானத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. நம் இருபத்தேழு நட்சத்திரங்களில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை அந்தப் பட்டையில் இருக்கின்றன. கார்பன் நட்சத்திரங்களில் டிஎக்ஸ் பிசியம், ரிஷபத்தில் ஒய் டாரி, கடகத்தில் எக்ஸ் கேன்க்ரி இருக்கின்றன. நிலாவின் பாதை 18.6 வருடத்துக்கு ஒரு சுற்றாகச் சாய்ந்து நகர்வதால், ஒரு நட்சத்திரத்துக்குச் சில காலம் மாதாமாதம் மறைப்பு நடக்கும், பிறகு பல வருடம் நடக்காது. நடக்கும் நாளில் மேகம் வந்தால் அவ்வளவுதான்.

நிலாவின் விளிம்பில் மலைகளும் சரிவுகளும் உண்டு. சரிவு மாறினால் விளிம்பு நட்சத்திரத்தைக் கடக்கும் வேகமும் மாறும். அதனால் கணக்கில் வேகத்தையும் தெரியாத எண்ணாக வைத்து, பட்டைகளின் இடைவெளியிலிருந்தே அதைப் பிடிப்பார்கள். ஒரு மறைப்பு நட்சத்திரத்தை ஒரே திசையில்தான் அளக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. உருண்டையா, நீண்டிருக்கிறதா என்று அறிய வேறு திசையில் இன்னொரு மறைப்பு வேண்டும்.

கார்பன் நட்சத்திரத்துக்கே உரிய தொல்லை வேறு. அதற்குச் சூரியனைப்போலத் தெளிவான ஓரம் கிடையாது. மேல்பகுதி மூடுபனி மாதிரி மெலிந்துகொண்டே போகும். எந்த அலைநீளத்தில் பார்க்கிறோமோ அதற்கேற்ப அகலம் மாறும். நட்சத்திரம் வீங்கிச் சுருங்குவதும் உண்டு. சிம்மத்தில் சிடபிள்யூ லியோனிஸ் என்ற கார்பன் நட்சத்திரம் தன் தூசிக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதன் நிலா மறைப்பை ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டபோது, 0.4 விகலை அகலத்தில் ஒரு பகுதியும் அதைச் சுற்றி 2 விகலை அகலத்தில் இன்னொரு பகுதியும் தெரிந்தன. அளந்தது நட்சத்திரத்தை அல்ல, அது வெளியே ஊதித் தள்ளிய தூசியை. அங்கே அகலம் என்று எதைச் சொல்வது என்பதே பெரிய கேள்வி. இப்போது பல தொலைநோக்கிகளை இணைத்து அளக்கும் நிலையங்கள் இந்தக் கேள்விகளை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கின்றன.

டிஎக்ஸ் பிசியத்தை நீங்களே பார்க்கலாம். நவம்பர், டிசம்பர் மாதம் முன்னிரவில், பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து போடும் பெரிய சதுரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குத் தெற்கே மங்கலான நட்சத்திரங்கள் ஒரு சிறு வளையம் போல நிற்கும். வளையத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பது அது. ஊர் வெளிச்சத்தில் பைனாகுலர் வேண்டியிருக்கும். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள், புள்ளி விரிந்து நிறம் நன்றாகத் தெரியும். பக்கத்து நட்சத்திரங்கள் வெள்ளையாக நிற்க, அது மட்டும் செம்மையாக நிற்கும். அந்தச் செம்மையில் ஒரு பங்கு, நூறுக்கு மேல் மிஞ்சிய மூன்று கார்பன் அணுக்களுடையது.